வாசலுக்கு வரும் கருத்தடை ஊர்தி: சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் நாய், பூனை வளர்ப்போருக்கான முழுமையான வழிகாட்டி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அறுவை சிகிச்சை முடிந்து, மயக்க மருந்தின் அசதி இன்னும் தீராத ஒரு நாயை அந்த வளைவுகள் வழியாக மேலே கொண்டுவந்தவர்கள் அதை இன்னொரு முறை செய்ய விரும்பமாட்டார்கள். பேருந்தில் ஏற்றத் தயங்குவார்கள். வாடகைக் கார் அமர்த்தினால் போக்குவரத்துச் செலவு சிகிச்சைக் கட்டணத்தை எட்டிப்பிடித்துவிடும். நாயோ வழியெல்லாம் வாந்தி எடுக்கும். நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை போன்ற மலைக் கிராமங்களில் வீட்டு நாய்களும் பூனைகளும் ஆண்டுதோறும் குட்டி போட்டுக்கொண்டே இருப்பதற்கு மக்களின் அலட்சியத்தைவிட இந்தச் சாலைதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். சமவெளியிலும் நிலைமை முற்றிலும் வேறல்ல. எலிக்காகப் பூனை வளர்க்கும் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரரோ, தறியை விட்டு அரை நாள் எழுந்தால் அன்றைய கூலி போய்விடும் அம்மாபேட்டை நெசவாளரோ மருத்துவமனைக்கு அலைய நேரம் ஒதுக்குவது எளிதன்று.

அறுவை மேசை, கருவிகள், மருத்துவர், உதவியாளர் ஆகிய அனைத்தையும் சுமந்துகொண்டு ஊருக்கே வரும் ஊர்தி இந்தச் சிக்கலுக்கு நல்ல தீர்வாகும். ஆனால் அந்த ஊர்தி மாலையில் மலையிறங்கிப் போய்விடும் என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கட்டணம் குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், ஒரே நாளில் பல விலங்குகளுக்குச் செய்வதால் செலவு பங்கிடப்படுவது. மற்றொரு காரணம், மருத்துவமனையில் தங்கவைத்துப் பார்க்க வேண்டிய முதல் இரவு வீட்டாரிடம் ஒப்படைக்கப்படுவது. அன்றிரவு விலங்கின் அருகே இருக்கப்போகிறவர் நீங்கள்தான். கீழே சொல்லப்படும் ஏற்பாடுகள் பலவும் அந்த ஓர் இரவைக் கருதியே சொல்லப்படுகின்றன.

முதலில், என்ன செய்யப்போகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

பெட்டை நாய்க்கும் பெண் பூனைக்கும் வயிற்றைத் திறந்து சினைப்பைகள் இரண்டையும், பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்து அகற்றுகிறார்கள். கடுவனுக்கு விதைகள் இரண்டும் அகற்றப்படுகின்றன. இரண்டுமே முழு மயக்கத்தில் செய்யப்படுபவை. பெட்டைக்குச் செய்வது வயிற்று அறுவை என்பதால் அது கடுவனுக்குச் செய்வதைவிடப் பெரிய சிகிச்சை. குணமாகவும் கூடுதல் நாட்கள் ஆகும்.

ஊரில் பெரியவர்கள் இதைக் கேட்டதும் “நாய்க்குமா காயடிக்கிறாங்க?” என்று முகம் சுளிப்பதுண்டு. மாட்டுக்கு இடுக்கி வைத்து விதை நரம்பை நசுக்கும் முறையைத்தான் அவர்கள் நினைக்கிறார்கள். அந்த முறை நாய்க்கும் பூனைக்கும் உரியதன்று. மயக்க மருந்து, வலி மருந்து, நுண்ணுயிர் நீக்கிய கருவிகள் ஆகியவற்றோடு செய்யப்படும் அறுவை வேறு என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால், வீட்டில் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

பெட்டை இணைசேரத் தயாராகும் பருவத்தை நிறுத்துவதற்கென்று போடப்படும் ஹார்மோன் ஊசி இதற்கு மாற்றாகாது. அறுவையைவிட மலிவாக இருப்பதால் அதைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊசி கருப்பையில் சீழ் பிடிக்கும் வாய்ப்பையும் மடிக்கட்டிகள் உண்டாகும் வாய்ப்பையும் கூட்டுகிறது. அப்படிச் சீழ் பிடித்துவிட்டால் அவசர அறுவையைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை. அப்போது மிச்சப்படுத்திய பணத்தைப் போல் பல மடங்கு செலவாகும்.

ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் பெட்டையின் உடல் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்யப்பட்ட பெட்டைகளுக்குப் பிற்காலத்தில் மடிக்கட்டி வருவது பெருமளவு குறைகிறது. கடுவனுக்குச் செய்தால் காவல் காக்காது என்பதும் அப்படித்தான். எஸ்டேட் வாசலில் குரைப்பதற்கு விதை தேவையில்லை. பெட்டையைத் தேடி இரவில் ஊர் சுற்றுவதும் மற்ற கடுவன்களோடு கடித்துக்கொள்வதும்தான் குறையும். இணைசேரும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் ஒரு வகைப் புற்றுக்கட்டி நம் நாட்டு நாய்களிடையே பரவலாக இருக்கிறது. பிறப்புறுப்பில் இரத்தம் கசியும் அந்தக் கட்டியைத் தவிர்க்கவும் இது உதவுகிறது.

காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

நாட்டு நாய்களுக்கும் சிறு இன நாய்களுக்கும் 6 மாத வயதை ஒட்டிச் செய்வது வழக்கம். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் போன்ற பெரிய இனங்களுக்கு எலும்பும் மூட்டும் வளர்ந்து முடிய நாளாகும் என்பதால் ஓராண்டு கடக்கட்டும் என்று பல மருத்துவர்கள் சொல்வார்கள். பூனையைப் பொறுத்தவரை தாமதிக்கவே கூடாது. 4 மாதத்திலேயே பருவத்துக்கு வரும் பெண் பூனைகள் உண்டு. சினைக்காலம் ஏறக்குறைய 9 வாரங்கள்தான். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் சினையாகிவிட முடியும். “இன்னும் குட்டிப் பூனைதானே” என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அதன் வயிறு பெருத்திருக்கும்.

பெட்டை நாய் பருவத்தில் இருக்கும்போது கருப்பைக்குச் செல்லும் இரத்த நாளங்கள் புடைத்திருக்கும். அறுவையில் இரத்தம் கூடுதலாகக் கசியும். மருத்துவமனையில் இதைச் சமாளிக்கலாம். மாலையில் கிளம்பிவிடும் ஊர்தியில் அந்தத் துணிச்சல் வேண்டாம். பருவம் முடிந்து 2 முதல் 3 மாதங்கள் கழித்துச் செய்வதே நல்லது. பால் கொடுக்கும் தாயாக இருந்தால், குட்டிகள் பால் மறந்து மடி வற்றிய பிறகு செய்யலாம்.

பருவ மாதங்கள் மட்டுமல்லாமல் மலையின் மாதங்களையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைச்சாலையில் மண் சரிவதும் போக்குவரத்து நிற்பதும் உண்டு. ஊர்தி மேலே வர முடியாமல் போவதைவிட, வந்து சென்ற பிறகு ஏதேனும் சிக்கல் ஏற்பட்டு உங்களால் கீழே இறங்க முடியாமல் போவதுதான் ஆபத்து. காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில் வீட்டில் ஆளே இருக்காது. மே மாதத்தில் கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் சேர்ந்துகொள்ள, சாலை முழுவதும் சுற்றுலா வண்டிகளாக இருக்கும். மாசி, பங்குனியும் ஆடி முற்பகுதியும் மலைக்கு வசதியான காலங்கள் என்பேன்.

ஊர்திக்கு ஏற்ற விலங்கு எது, ஏற்றதல்லாதது எது

எல்லா விலங்குகளையும் ஊர்தியில் படுக்கவைத்துவிட முடியாது. இளமையும் நலமும் உள்ள விலங்குக்கே இந்தச் சேவை பொருந்தும். 7 வயதைக் கடந்தவை, இதய நோயோ வலிப்போ உள்ளவை, மிகவும் பருத்தவை, விதை ஒன்று இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டவை ஆகியவற்றை முழு வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே முறை. பக், ஷிட்சூ போன்ற தட்டை முக நாய்களுக்கு மயக்கம் தெளியும் நேரத்தில் மூச்சுக்குழல் அடைபடக்கூடும் என்பதால் அவற்றையும் இந்த வரிசையிலேயே வைக்கிறேன். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதங்களில் பெட்டை அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, உணவை ஒதுக்கி, பின்புறத்தில் துர்நாற்றத்துடன் ஒழுக்கு இருந்தால் அது கருப்பைச் சீழாக இருக்கலாம். ஊர்தி வரும் முகாம் தேதி வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஆத்தூரைத் தாண்டித் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் இருப்பவர்கள் சிக்கலான விலங்குகளுக்கு அதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான வேட்டை நாய்களை வளர்ப்பவர்கள் மருத்துவரிடம் இனத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இத்தகைய உடல்வாகு கொண்ட நாய்களுக்குக் கொழுப்பு மிகக் குறைவு. தையோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகள் அவற்றின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுவதால் அவை தெளிய நெடுநேரம் ஆகும். வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க மருத்துவருக்கு வழியுண்டு; ஆனால் ஒரு நாளில் பல நாய்களைப் பார்க்கும் அவசரத்தில் கலப்பினத்தை அவரே கண்டுபிடித்துவிடுவார் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட நம் பகுதியில் அதிகம் தவறவிடப்படுவது உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிப்பதால் பரவும் எர்லிக்கியா, பபீசியா ஆகிய கிருமிகள் இரத்தத்தில் இருக்கும்போதே நாய் பார்வைக்கு நன்றாகத்தான் ஓடியாடும். ஆனால் எர்லிக்கியா இரத்தத்தட்டுகளைக் குறைத்துவிடும். தட்டுகள் குறைந்த நாய்க்கு வயிற்றைத் திறந்தால் இரத்தம் உறையாமல் உள்ளுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவு பெரும்பாலும் வெளியே தெரிவது ஊர்தி போன பிறகுதான். ஆகவே உண்ணி இருந்த எந்த நாய்க்கும், அது எவ்வளவு துடிப்பாக இருந்தாலும், முகாமுக்கு முன்பே இரத்தப் பரிசோதனை செய்து தட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்துவிடுங்கள். அந்தச் செலவைத் தவிர்க்க நினைப்பவர்கள் கருத்தடையையே தள்ளிப்போடலாம் என்று சொல்லும் அளவுக்கு இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை

குறைந்த கட்டணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. கட்டடமும் வாடகையும் இல்லாததாலோ, நன்கொடை கிடைப்பதாலோ, எண்ணிக்கை கூடுவதாலோ குறைந்தால் மகிழ்ச்சி. வலி மருந்தை விட்டுவிட்டோ, ஒரே கருவிப் பொதியை இரண்டு விலங்குகளுக்குப் பயன்படுத்தியோ குறைந்தால் அது மலிவன்று. கட்டணத்தில் எவையெல்லாம் அடங்கும் என்பதைத் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: முன்பரிசோதனை, மயக்க மருந்து, நரம்பு வழி ஊசிக்குழாய், வலி மருந்து, வீட்டுக்குத் தரும் மாத்திரை, தையலை நக்கவிடாமல் தடுக்கும் கழுத்துக் கூம்பு, தையல் பிரித்தல், தேவைப்பட்டால் மறுமுறை பார்த்தல். எடையைப் பொறுத்துக் கட்டணம் மாறுமா என்பதையும் கேளுங்கள்.

அறுவை செய்பவர் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவரே இந்தத் தொழிலைச் செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்டால் நேர்மையான மருத்துவர் எவரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

ஊர்திக்குள் ஒரு முறை எட்டிப் பாருங்கள். ஒவ்வொரு விலங்குக்கும் தனித்தனியாகக் கட்டி நீராவியில் நுண்ணுயிர் நீக்கிய கருவிப் பொதி இருக்கிறதா, ஆக்சிஜன் உருளை இருக்கிறதா, நாக்கில் மாட்டி நாடித்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் காட்டும் கருவி இருக்கிறதா, மின்சாரம் போனால் விளக்கெரிய மாற்று ஏற்பாடு உண்டா என்று கவனியுங்கள். மலையில் மழை தூறினாலே மின்சாரம் போவது புதிதல்ல. மயக்கத்தில் விலங்கின் கண் திறந்தே இருக்கும் என்பதால் கண்ணில் களிம்பு தடவுவார்கள். இது சிறு விஷயம்தான். ஆனால் அதை மறக்காத குழு மற்றவற்றையும் மறக்காது என்பது என் கணக்கு.

கடைசியாகக் கேட்க வேண்டியதே முதன்மையானது: இரவு 11 மணிக்கு என் நாயின் ஈறு வெளுத்தால் யாரை அழைப்பது, அவர் எங்கே இருப்பார், நாங்கள் எங்கே கொண்டுவர வேண்டும்? இதற்குத் தெளிவான விடை சொல்ல முடியாத சேவையை, அது இலவசமாகவே இருந்தாலும் ஏற்காதீர்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்திச் சேவை இருக்கிறது. அதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஆயினும் அறுவை செய்தவரின் பொறுப்புக்கு அது ஈடாகாது.

தெருவாகவோ ஊராகவோ சேர்ந்து ஊர்தியை வரவழைத்தல்

ஒரு வீட்டுக்காக மட்டும் ஊர்தி மலையேறாது. விலங்குகளின் பட்டியலை முதலில் எழுதுங்கள்: உரிமையாளர், வயது, பால், எடை, கடைசியாகப் பருவத்துக்கு வந்த மாதம், தடுப்பூசி போட்ட நாள், உண்ணி உண்டா இல்லையா. மயக்க மருந்து எடையைக் கொண்டே அளக்கப்படுவதால் எடை உத்தேசமாக இருக்கக் கூடாது. காப்பியும் மிளகும் வாங்கும் வியாபாரியிடம் மேடைத் தராசு இருக்கும். நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளலாம்.

யாருடைய நாய் என்ற கேள்வி இங்கே எழும். 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி வளர்ப்பு விலங்குக்குக் கருத்தடை, தடுப்பூசி, குடற்புழு நீக்கம் ஆகியவற்றைச் செய்விப்பது உரிமையாளரின் பொறுப்பு. தெரு நாய்களுக்கு உள்ளாட்சி அமைப்பு, விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற திட்டத்தின் வழியாகவே செய்ய வேண்டும். எஸ்டேட்டில் எல்லோரும் சோறு போடும், யாருக்கும் சொந்தமில்லாத நாய் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதை 10 நாட்கள் கூரையின் கீழ் கட்டிவைத்துப் பார்த்துக்கொள்ள ஒருவர் முன்வந்து உரிமையாளராகக் கையெழுத்திட்டால் பட்டியலில் சேர்க்கலாம். அப்படி யாரும் இல்லையென்றால் இரக்கப்பட்டுச் சேர்க்காமல் ஊராட்சியிடமோ மாநகராட்சியிடமோ முறையிடுவதே சரி. தையலோடு காப்பிச் செடிகளுக்கு இடையில் மறைந்துவிட்ட நாயைத் தேடுவது யாராலும் ஆகாது.

இடத்துக்குச் சமதளம், நிழல், ஓடும் தண்ணீர், கழுவிவிடக்கூடிய தரை ஆகியவை வேண்டும். சமுதாயக் கூடம் பொருந்தும். நாய்களுக்கும் பூனைகளுக்கும் தனித்தனி அறை இருக்கட்டும். அகற்றிய உறுப்புகளையும் இரத்தம் தோய்ந்த பஞ்சையும் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் கட்டி ஊர்தியே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும்; தோட்டத்தில் புதைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அன்றிரவே அதை வேறு நாய்கள் தோண்டிவிடும்.

எத்தனை விலங்குகள் என்பதை முடிவு செய்யும் கணக்கைப் பின்னாலிருந்து தொடங்குங்கள். ஊர்தி மாலை 5 மணிக்குக் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் அடிவாரம் சேரும். அதற்கு முன் கடைசி விலங்கு எழுந்து, நடந்து, மருத்துவர் அதன் ஈறையும் தையலையும் மறுபடி பார்த்திருக்க வேண்டும்; அதற்கு 3 அல்லது 4 மணி நேரம் தேவை. எனவே கடைசி அறுவை பகல் 1 மணிக்குள் முடிந்தாக வேண்டும். காலை 8 மணிக்குத் தொடங்கினாலும் கையில் இருப்பது 5 மணி நேரம்தான். பெட்டைகளை முதலிலும் கடுவன்களைப் பிற்பாடும் வைத்தால் பெரிய சிகிச்சைக்கு ஆளானவற்றுக்குக் கண்காணிப்பு நேரம் கூடுதலாகக் கிடைக்கும். இந்தக் கணக்குக்குள் அடங்காத எண்ணிக்கையை ஏற்கும் குழு, கடைசி நாலைந்து விலங்குகளைப் பாதி மயக்கத்தில் உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகும்.

முந்தைய இரண்டு வாரங்களும் முந்தைய இரவும்

வெறிநோய்த் தடுப்பூசியும் மற்ற தடுப்பூசிகளும் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே போடப்பட்டிருக்க வேண்டும். குடற்புழு நீக்கத்தையும் உண்ணி ஒழிப்பையும் அதே காலத்தில் முடித்துவிடுங்கள். நாய்களுக்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்கு நஞ்சு. நாய்க்குத் தடவிய மருந்து காய்வதற்குள் பூனை அதன் மேல் உரசிப் படுத்தாலும் ஆபத்து. முகாமுக்கு முந்தைய நாள் குளிப்பாட்டிவிட வேண்டும். அதன் பின் 10 நாட்களுக்குத் தண்ணீர் படக்கூடாது.

வளர்ந்த நாய்க்கும் பூனைக்கும் இரவு 10 மணிக்குப் பிறகு உணவு கூடாது. தண்ணீரைக் காலை வரை வைக்கலாம். சிறு குட்டிகளுக்கு இந்த விதி பொருந்தாது: நெடுநேரம் பட்டினி கிடந்தால் அவற்றின் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால், எத்தனை மணி நேரம் என்று மருத்துவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் 3, 4 மணி நேரமே சொல்வார்.

பட்டினியின் காரணத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைப்பது அவசியம். மயக்கத்தில் வயிற்றிலிருப்பது மேலே வந்து மூச்சுக்குழலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. எங்கள் வீட்டு நாயை முதல் முறை கொண்டுபோன அன்று, எல்லோரும் கிளம்பும் பரபரப்பில் இருந்தபோது எங்கள் அம்மாயி, “வாயில்லா சீவன், வெறும் வயித்தோட போவுதே” என்று அரை இட்லியை ஊட்டிவிட்டார். கேட்டபோது ஒளிக்காமல் சொன்னது அவருடைய பெருந்தன்மை. நாங்கள் இரண்டு மாதம் காத்திருக்க நேர்ந்தது. இட்லி, பிஸ்கட், பால் என்று எது போயிருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பூனை விஷயத்தில் கதவைச் சாத்தி வைத்தால்தான் பட்டினி. வெளியே விட்டால் அது பல்லியைப் பிடித்துத் தின்றுவிட்டு வரும்.

முகாம் நாளின் காலை

நாயைச் சங்கிலியிலோ வாரிலோ பிடித்துக்கொண்டு வாருங்கள். கடிக்கும் பழக்கம் இருந்தால் வாய்க்கட்டு போட்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பூனையைக் கையில் தூக்கிவரவே கூடாது. நாய்கள் குரைப்பதைக் கேட்ட மாத்திரத்தில் அது பிய்த்துக்கொண்டு ஓடும். முகாம்களில் தொலையும் விலங்குகளில் பூனையே முதலிடம் என்று தைரியமாகச் சொல்வேன். கூண்டு வாங்க வசதியில்லாதவர்கள், காய்கறி மண்டியில் கிடைக்கும் இரண்டு பிளாஸ்டிக் கிரேடுகளை ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து, நான்கு பக்கமும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே ஒரு துண்டைப் போர்த்திவிடலாம். ஒரு கிரேடில் ஒரு பூனை மட்டுமே.

யாரையாவது விலங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தை உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். வீட்டு விலங்குதானே என்று விட்டுவிடக் கூடாது.

ஒப்புதல் படிவத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். மயக்க மருந்தில் எப்போதும் ஓரளவு ஆபத்து உண்டு. அதை மருத்துவர் வெளிப்படையாகச் சொல்வதே நல்ல அறிகுறி. திரும்பப் பெறும்போது சினைப்பைகள் இரண்டும் முழுமையாக அகற்றப்பட்டனவா, தையல் தானாகக் கரையுமா அல்லது பிரிக்க வேண்டுமா, வலி மருந்து எந்த நேரத்தில் போடப்பட்டது, அடுத்த வேளை எப்போது என்பவற்றை எழுதி வாங்குங்கள். சினைப்பையின் சிறு துண்டு உள்ளே தங்கிவிட்டாலும் பெட்டை மீண்டும் பருவத்துக்கு வரும். அகற்றிய உறுப்பைக் காட்டும்படி கேட்பது அவமதிப்பாகாது. தெரு நாய்த் திட்டங்களில் அந்த உறுப்புகளை எண்ணித்தான் கணக்குப் பார்க்கிறார்கள்.

அந்த இரவு

விலங்கைப் படுக்கவைக்கும் இடத்தைக் காலையிலேயே தயார் செய்துவிடுங்கள். சிமெண்டுத் தரையின் மேல் சாக்கு, அதன் மேல் பழைய பருத்திப் புடவை நான்கைந்து மடிப்பு. மயக்கம் தெளியும் விலங்கின் உடல் வெப்பம் இறங்கிவிடும். சேலத்தில் மின்விசிறிக்கு அடியில் படுக்கவைக்காமல் இருந்தாலே போதும், ஏற்காட்டின் மார்கழிக் குளிரிலோ அதுவே உயிர்ச் சிக்கலாகிவிடும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி முதுகுப் பக்கம் வைக்கலாம். துணியில்லாமல் வைத்தால், அசைய முடியாத விலங்கின் தோல் வெந்துவிடும். அடுப்பருகே கட்டிவைப்பதும் கூடாது. கட்டில், திண்ணை, படிக்கட்டு ஆகியவற்றின் மேல் ஏற்றாதீர்கள். தள்ளாடி விழுந்தால் தையல் பிரியும். பூனையைக் கிரேடிலேயே இரவு முழுவதும் வைத்திருப்பது நல்லது.

தலையைத் தூக்கி நிலையாக உட்கார்ந்த பிறகு ஒன்றிரண்டு மடக்குத் தண்ணீர் கொடுங்கள். ஒரு மணி நேரம் வாந்தி இல்லையென்றால் வழக்கமான உணவில் கால் பங்கு போதும். பசிக்கிறதே என்று நிறையக் கொடுத்தால் அது அப்படியே வெளியே வரும்.

படுக்கப் போவதற்கு முன்பும், நள்ளிரவிலும், விடியலிலும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது ஈறு. மேலுதட்டைத் தூக்கினால் அது இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். கறுப்பு ஈறுள்ள நாய்களுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். காலையில் கிளம்பும் முன்பே ஒரு முறை பார்த்து வைத்துக்கொண்டால்தான் இரவில் வேறுபாடு தெரியும். இரண்டாவது மூச்சு: அமைதியாகப் படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 30க்குள் இருப்பது இயல்பு. மூன்றாவது தையல். ஓரிரு சொட்டு இளஞ்சிவப்பு நீர் கசிந்திருந்தால் கவலை வேண்டாம். சொட்டுச் சொட்டாக இரத்தம் தொடர்ந்து வந்தாலோ, வயிறு உப்பிக்கொண்டே போனாலோ, ஈறு வெளுத்துக் கால்கள் சில்லிட்டுப் போனாலோ விடியும் வரை காத்திருக்காமல் உடனே அழைக்க வேண்டும். உள் இரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ஆகவே வாடகை வண்டிக்காரர் ஒருவரிடம் அன்று மாலையே சொல்லி வைத்திருங்கள். மலையில் நள்ளிரவில் தேடினால் வண்டி கிடைக்காது.

முனகுகிறதே என்று நம் வீட்டு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடக்கூடும். ஐபுபுரூஃபன் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருத்துவர் தந்தது மட்டுமே, அவர் சொன்ன அளவில் மட்டுமே.

அடுத்த பத்து நாட்கள்

தையலை நக்கவிடாமல் காப்பதுதான் இந்த நாட்களின் முழு வேலை. கழுத்துக் கூம்பு தரப்படவில்லையென்றால் சிறு பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்பைத் துணியால் சுற்றி, கழுத்துப் பட்டையோடு இணைத்துக் கட்டலாம். சிறிய நாய்க்குக் குழந்தையின் பழைய பனியனைப் போட்டுவிட்டாலும் வேலை நடக்கும். பூனை முதல் நாள் முழுவதும் பின்னோக்கியே நடந்து நம்மைச் சிரிக்கவைக்கும், பிறகு பழகிக்கொள்ளும்.

தையலின் மேல் எதையும் போடாதீர்கள். நம் ஊரில் காயத்துக்குக் காப்பித்தூள் வைக்கும் வழக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. காப்பி விளையும் மலையில் கேட்கவே வேண்டாம். காயத்தில் அழுக்குச் சேர்வது ஒரு புறமிருக்க, அதை நக்கும் நாய்க்கும் பூனைக்கும் காஃபின் நஞ்சாகிறது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் ஈரத்தைப் பிடித்துவைக்கும்; கிருமிநாசினி நீர்மங்கள் பல பூனைக்கு ஆகாதவை. மருத்துவர் களிம்போ தெளிப்போ தந்திருந்தால் அதைத் தவிர வேறெதுவும் வேண்டாம். ஈ மொய்க்கும் இடத்தில் கட்டாதீர்கள். ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

ஓட்டம், தாவல், மற்ற நாய்களோடு விளையாட்டு எதுவும் கூடாது. சிறுநீர் கழிக்க வாரில் பிடித்துக்கொண்டு போய் வருவது மட்டும் போதும். தையல் சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, இரண்டு நாட்களுக்கு மேல் உணவை மறுத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கடுவனின் விதைப்பை சில நாட்கள் வீங்கியிருப்பது இயல்பு. அது கூடிக்கொண்டே போனால் இயல்பன்று. விதை அகற்றிய உடனேயே கடுவன் மலடாகிவிடுவதில்லை. குழாய்களில் மிச்சமிருக்கும் விந்து சில வாரங்கள் வரை சினைப்படுத்தக்கூடும் என்பதால், ஒரே வீட்டில் கருத்தடை செய்யாத பெட்டை இருந்தால் ஒரு மாதம் பிரித்து வையுங்கள்.

கருத்தடைக்குப் பிறகு உடலின் சக்தித் தேவை குறைகிறது. சோற்றை முன்பிருந்த அளவிலேயே போட்டால் ஆறே மாதத்தில் நாய் உருண்டையாகிவிடும். கால் பங்கு வரை குறைத்து, விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று மாதம் ஒரு முறை பார்த்தால் போதும்.

பிரிக்க வேண்டிய தையலாக இருந்தால் 10 முதல் 14 நாட்களுக்குள் பிரிக்க வேண்டும். ஊர்தி மறுபடி வராவிட்டால் அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்தில் பிரித்துக்கொள்ளலாம். முகாமில் எழுதி வாங்கிய சீட்டையும் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தை முந்தைய நாளே விசாரித்துவிட்டு, காலையில் முதல் ஆளாகப் போய்விட்டால் மாடுகளும் ஆடுகளும் வந்து சேர்வதற்குள் வேலை முடிந்துவிடும்.